பைலட் ஆக டிகிரி வேண்டுமா? பிளஸ் டூ முடித்த மகளுக்காகக் கேட்கிறேன்

செந்தில்_ஒட்டன்சத்திரம்

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். இயற்பியலில் 91, கணிதத்தில் 88. எட்டாம் வகுப்பிலிருந்து பைலட் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வளர்ந்தால் மாறிவிடுவாள் என்று நினைத்தேன், மாறவில்லை. மொட்டை மாடியில் நின்று, போனில் அந்த ரேடார் ஆப்பைப் பார்த்துக்கொண்டே "இது கொழும்பு போற பிளைட்டுப்பா" என்று சொல்லும் பிள்ளை.

வீட்டில் இப்போது இரண்டு கட்சி. மச்சான் பள்ளி ஆசிரியர். "முதல்ல ஒரு டிகிரி முடிக்கட்டும் மாப்ள, டிகிரி இல்லாத பிள்ளைக்கு எவன் வேலை தருவான், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தாலும் அதைத்தானே முதல்ல கேப்பாங்க" என்கிறார். மகளோ "பைலட் உரிமம் கொடுக்குற அரசுத் துறை டிஜிசிஏவே பிளஸ் டூ போதும்னு சொல்லுது, மூணு வருஷத்தை ஏன் விடணும்" என்கிறாள். இதற்கு நடுவே ஒரு கன்சல்டன்சியிலிருந்து தினமும் போன். பி.எஸ்சி. ஏவியேஷன் சேர்த்துவிடுங்கள், டிகிரியும் ஆச்சு பைலட்டும் ஆச்சு என்கிறார்கள்.

என்னிடம் இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அதை அடமானம் வைத்துத்தான் படிக்கவைக்க முடியும். அதனால் தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள். டிகிரி வேண்டுமா, வேண்டாமா?

வலதுசீட்

வணக்கம் அண்ணா. நான் ஏர்பஸ் ஏ320ல் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. சொந்த ஊர் திருச்சி பக்கம்.

சட்டப்படியான பதில் ஒரே வரிதான். வேண்டாம். சிபிஎல் என்கிற வணிக விமானி உரிமத்துக்கு டிஜிசிஏ கேட்பது 18 வயது, இயற்பியல் கணிதத்தோடு பிளஸ் டூ, கிளாஸ் 1 மெடிக்கல் என்கிற மருத்துவத் தகுதி, ஐந்து தாள் தேர்வு, ரேடியோ உரிமம், 200 மணி நேரப் பறத்தல். அந்த 200ல் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று, பறந்திருக்க வேண்டும். அப்புறம் கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 21 வயது, 1,500 மணி நேரம். அதற்கும் டிகிரி கேட்பதில்லை. இந்தியாவில் ஏர்லைன் விளம்பரங்களிலும் பெரும்பாலும் 10+2 என்றுதான் இருக்கும்.

டிஜிசிஏவில் கணினி எண் வாங்கும்போது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதானா என்று தேர்வுத் துறையிடமிருந்து சரிபார்ப்புக் கேட்பார்கள். மகளின் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு, பாஸ்போர்ட்டோடு ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதியது, எழுதாதது என்று எங்கள் பேட்ச்சில் ஒருவர் இதிலேயே நான்கு மாதம் அலைந்தார்.

அந்த பி.எஸ்சி. ஏவியேஷன் விஷயத்தில் கவனமாக இருங்கள். அந்தப் பட்டத்தால் யாருக்கும் உரிமம் வந்துவிடாது. உரிமம் கொடுப்பது டிஜிசிஏ மட்டும்தான், பறந்த மணியைக் கணக்கில் வைத்துத்தான். கல்லூரிக் கட்டணத்தில் எத்தனை மணி நேரப் பறத்தல் அடங்கும், எந்த ஓடுதளத்தில், எந்த விமானத்தில், அந்தப் பயிற்சிப் பள்ளி டிஜிசிஏ அங்கீகாரம் பெற்றதா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டேன் என்றால் போனை எடுக்காதீர்கள்.

ஏரோ_பட்டதாரி

செந்தில் அண்ணே, உங்கள் பதிவைப் பார்த்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு. டிகிரி முதலில், பைலட் அப்புறம். ஏரோநாட்டிகல் என்ற பெயரைப் பார்த்து, அதைப் படித்தால் விமானம் ஓட்டலாம் என்று நினைத்துச் சேர்ந்தவன் நான். முதல் செமஸ்டரிலேயே புரிந்துவிட்டது. அது விமானத்தை வடிவமைக்கிற படிப்பு, ஓட்டுகிற படிப்பு இல்லை. எங்கள் வகுப்பில் 60 பேரில் பாதிப்பேர் என்னைப் போலத்தான் வந்திருந்தார்கள். சரி, டிகிரி இருக்கட்டும் என்று நான்கு வருடம் முடித்தேன். அப்பா நிலத்தை விற்று முன்பணம் தயார் செய்துவிட்டார்.

அதன் பிறகுதான் மெடிக்கலுக்குப் போனேன். டாக்டர் ஒரு சின்னப் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வட்டத்துக்குள் கலர் கலராகப் புள்ளிகள். "என்ன நம்பர் தெரியுது?" என்றார். முதல் பக்கத்தில் 12 தெரிந்தது. அடுத்த பக்கம் ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. அதற்கு அடுத்தது வெறும் புள்ளிதான். அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனார், நான் "தெரியலை சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு பச்சை வித்தியாசம் எனக்குக் குறைவு என்பது 22 வயது வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதினெட்டு வயதிலேயே அந்தப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் வேறு படிப்பு படித்திருப்பேன். ஆகவே டிகிரியா பைலட்டா என்று வீட்டில் பேசுவதற்கு முன்னால் பிள்ளையைக் கிளாஸ் 2 என்கிற முதல் கட்ட மெடிக்கலுக்கு அழைத்துப் போங்கள். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அங்கீகாரம் பெற்ற மருத்துவர்கள் பட்டியல் டிஜிசிஏ தளத்திலேயே இருக்கிறது.

செந்தில்_ஒட்டன்சத்திரம்

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். மகள் கண்ணாடி போடுகிறாள். மைனஸ் ஒன்றரை. அதனால் பிரச்சினை வருமா?

வலதுசீட்

கண்ணாடி தடை இல்லை அண்ணா. கண்ணாடி போட்ட பிறகு பார்வை சரியாக வந்தால் போதும். உரிமத்தில் கண்ணாடியோடு பறக்க வேண்டும், கூடவே ஒரு மாற்றுக் கண்ணாடி வைத்திருக்க வேண்டும் என்று எழுதிவிடுவார்கள். நானே கண்ணாடிதான். ஆனால் ஏரோ தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, முதலில் மெடிக்கல். கிளாஸ் 2 முடித்ததும் அதோடு நிறுத்தாமல் கிளாஸ் 1க்கும் போய்விடுங்கள். நமக்குப் பக்கம் பெங்களூரில் விமானப் படையின் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசின். கிளாஸ் 1 கையில் வராமல் பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

கேப்டன்_ஓய்வு

நான் 65 வயதில் பணி ஓய்வு பெற்றவன். வலதுசீட் தம்பி சட்டம் பற்றிச் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நான் மச்சான் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

காக்பிட்டுக்குள் டிகிரி எந்த வித்தியாசமும் செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் யார் பட்டதாரி, யார் பிளஸ் டூ என்று அவர்கள் தரையிறக்குவதைப் பார்த்து என்னால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. விமானம் மேலே போகாத நாளில்தான் வித்தியாசம் தெரிகிறது. 1990களில் ஈஸ்ட் வெஸ்ட் ஏர்லைன்ஸ் போனது, நம் சென்னை என்இபிசி ஏர்லைன்ஸ் போனது. 2010ல் பாரமவுண்ட். 2012ல் கிங்ஃபிஷர். 2019 ஏப்ரல் 17ஆம் தேதி ராத்திரி ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் சீருடை போட்ட பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

கம்பெனி நிற்காவிட்டாலும் உடம்பு நிற்கலாம். என்னோடு பறந்த ஒரு கேப்டனுக்கு 43 வயதில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மெடிக்கலைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். கம்பெனியில் தரைப் பணி ஒன்று காலியாக இருந்தது, பாதுகாப்புத் துறையில் மேலாளர் வேலை. அதற்கான படிவத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் பட்டம் என்று போட்டிருந்தது. 9,000 மணி நேரம் பறந்த மனிதர் அந்தக் கட்டத்துக்கு எதிரே பேனாவோடு உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு 43 வயது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 18 வயதில் ஊர் விட்டு, வீடு விட்டு, அரைக் கோடி கடன் தலையில் ஏறி, ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாகப் போகிறது பிள்ளை. மூன்று வருடக் கல்லூரி அந்த மனசுக்குக் கொஞ்சம் உரம் கொடுக்கும்.

டவர்_தமிழ்

கேப்டன் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பைலட்டுக்கு டிகிரி வேண்டாம், ஆனால் அவரோடு பேசுகிற எங்களுக்கு வேண்டும்! ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி நடத்தும் ஜூனியர் எக்சிகியூட்டிவ் தேர்வுக்கு இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம் கேட்பார்கள். வயது 27க்குள். மருத்துவத் தேர்வு எங்களுக்கும் உண்டு, அது கிளாஸ் 3.

செந்தில் அண்ணன் கவனிக்க வேண்டியது, பி.எஸ்சி. என்றால் முழுநேரக் கல்லூரிப் படிப்பாக இருக்க வேண்டும். தொலைநிலையில் படித்தால் இந்த வேலைக்கு ஆகாது. டிகிரி என்று முடிவெடுத்தால் எந்த டிகிரி என்பதையும் யோசியுங்கள். பைலட் கனவு உள்ள பிள்ளைக்குப் பக்கத்துக் கதவு என்றால் என் கணக்கில் பி.எஸ்சி. இயற்பியல்தான், கணிதத்தைத் துணைப்பாடமாக எடுத்து. திண்டுக்கல், மதுரைப் பக்கத்து அரசுக் கல்லூரிகளிலேயே கிடைக்கும், செலவும் குறைவு.

வலதுசீட்

கேப்டன் சார், உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னப் பையன். இருந்தாலும் நீங்கள் சொன்ன அந்த நாள் எனக்கு 27 வயதிலேயே வந்தது. அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

2020 கொரோனாவில் வேலை போனது. கம்பெனி பெயர் வேண்டாம். மாதம் 60,000க்கு மேல் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது என்னிடம் டிகிரி கிடையாது. குரூப் 2 எழுதலாம் என்று பார்த்தேன், டிகிரி வேண்டும். வங்கி கிளார்க், அதற்கும் டிகிரி. என் பறத்தல் பதிவேட்டில் 1,100 மணி நேரம் இருந்தது, எந்த விண்ணப்பப் படிவத்திலும் அதை எழுத இடம் இல்லை. நீங்கள் சொன்ன பேனாவை நானும் பிடித்திருக்கிறேன் சார்.

ஆனால் அந்த இரண்டு வருடம் எனக்குச் சோறு போட்டது என்ன தெரியுமா? நேவிகேஷன் தாள். சிபிஎல் எழுதுகிற பிள்ளைகளுக்கு ராத்திரி ராத்திரி ஆன்லைனில் நேவிகேஷனும், மெட் என்கிற வானிலைத் தாளும் நடத்தினேன். நாலு பேரில் ஆரம்பித்து முப்பது பேர் ஆனார்கள். அந்தப் பணத்தில்தான் சிமுலேட்டர் செக் கொடுத்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கை உயிரோடு வைத்திருந்தேன். கூடவே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து முடித்தேன். 2022ல் மறுபடி வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்த பி.காமைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இரண்டு வருடம் பறக்காமல் என்ன செய்தாய் என்று கேட்டார்கள், பாடம் நடத்தினேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதனால் டிகிரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. ஏர்லைனில் எல்லாம் சீனியாரிட்டி நம்பர்தான். எந்தத் தேதியில் சேர்ந்தோமோ அதுதான் கடைசிவரை கூடவே வரும். கேப்டன் ஆவது, ஊர் மாற்றம், தீபாவளி லீவு எல்லாமே அதை வைத்துத்தான். மூன்று வருடம் தள்ளிப்போனால் கேப்டன் சம்பளத்தில் மூன்று வருடம் போகிறது. டிகிரியைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். அந்த 200 மணி நேரத்தை முடிக்கிற காலத்தில் தினமும் பறப்பதில்லை. மழை, பனிமூட்டம், விமானம் பழுது என்று தரையில் உட்காரும் நாள்தான் அதிகம்.

பெரம்பலூர்_பறவை

நான் இப்போது பயிற்சியில் இருக்கிறேன், 140 மணி நேரம் ஆகிறது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வந்தவள். அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

டிகிரியில் படித்த கணிதம் இங்கே தேவைப்பட்டதா என்று வீட்டில் கேட்பார்கள். இல்லை. இங்கே தேவைப்படுவது பிளஸ் டூ கணிதம், ஆனால் மூச்சு விடுகிற மாதிரி வர வேண்டும். சென்னையில் ஓடுதளம் 25 என்றால் அது ஏறக்குறைய 250 பாகையை நோக்கி இருக்கிறது. காற்று 280லிருந்து 20 நாட் வேகத்தில் அடிக்கிறது என்று டவர் சொல்கிறார்கள். வித்தியாசம் 30 பாகை, சைன் 30 பாதி, ஆகவே பக்கக் காற்று 10 நாட். இதைப் பேப்பரில் போட நேரமில்லை. கை ஸ்டிக்கில், கால் ரடரில், காதில் ரேடியோ. அந்த நொடியில் பத்து என்று வர வேண்டும். பாதை விலகலும் அப்படித்தான். 60 நாட்டிக்கல் மைல் பறந்த பிறகு 2 மைல் இடப்பக்கம் தள்ளியிருந்தால் 2 பாகை பிசகியிருக்கிறோம். பெரிய விமானத்தில் 35,000 அடியிலிருந்து இறங்க எத்தனை மைல் வேண்டும்? ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்று பெருக்கினால் 105. எல்லாமே வாய்ப்பாடுதான்.

ஆனால் எனக்கு அந்த மூன்று வருடம் வேறு ஒன்றைக் கொடுத்தது. நான் தமிழ் மீடியம். பிளஸ் டூ முடித்த கையோடு இங்கே வந்திருந்தால் ரேடியோவில் ஆங்கிலம் கேட்டே அழுதிருப்பேன். கல்லூரியில் செமினார் எடுத்து எடுத்துத்தான் வாய் திறந்தது. உரிமத்துக்கு ஆங்கிலத்தில் நாலாம் நிலையாவது தேற வேண்டும். எங்கள் பேட்ச்சில் பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகள் நன்றாகவே பறக்கிறார்கள், என்னைவிடச் சீக்கிரம் சோலோ, அதாவது தனியாகப் பறக்க, போனவர்களும் உண்டு. கேப்டன் ஐயா சொன்ன மன உரம் வயதைப் பொறுத்தது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அண்ணா, உங்கள் மகள் தனியாக பஸ் ஏறி மதுரை போய், ஒரு வேலையை முடித்துவிட்டு வருவாளா? அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

வங்கிக்காரர்_மதுரை

எல்லோரும் படிப்பைப் பேசுகிறீர்கள், பணத்தைப் பேச ஆள் இல்லை. நான் அரசு வங்கியில் 31 வருடம், அதில் பாதி கடன் பிரிவில்.

செந்தில், தோட்டத்தை அடமானம் வைத்துக் கல்விக் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடப்பது கஷ்டம். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்துப் பிணை கேட்கும். ஆனால் விவசாய நிலம் 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டத்துக்குள் வராது. அதாவது கடன் நின்றுபோனால் கோர்ட்டுக்குப் போகாமல் அந்த நிலத்தைக் கையகப்படுத்த வங்கியால் முடியாது. அதனால் விவசாய நிலப் பத்திரத்தைப் பெரும்பாலான கிளைகள் பிணையாக ஏற்காது. வீடு, மனை, வைப்புத்தொகை இருக்கிறதா என்று பாருங்கள். மண்டி சொந்தக் கட்டடமா? அப்படியானால் வில்லங்கச் சான்றிதழோடு போய்ப் பேசுங்கள்.

இனி கணக்கு. உரிமம் வாங்குவது, அதற்கு மேல் ஏர்பஸ் மாதிரி ஒரு விமானத்துக்கான டைப் ரேட்டிங், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை போகிறது. 50 லட்சம் மட்டும் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 69,000. படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஒரு வருடத்துக்குள் வேலை கிடைக்கவில்லை என்றால் 69,000ஐ யார் கட்டுவது? மண்டி கட்டுமா? 2023ல் மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் கொடுத்தது. அத்தனை பேரும் அந்த வருடமே சீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. உரிமம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் காத்திருந்த பிள்ளைகளின் அப்பாக்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். டிகிரி இருந்திருந்தால் அந்த இடைவெளியில் பிள்ளை 25,000 சம்பாதித்திருக்கும், சரி. அது 69,000 ஆகாது. காத்திருக்கும் இரண்டு வருடத்துக்கான தவணைப் பணத்தை முதலிலேயே தனியாக ஒதுக்க முடிந்தால் இறங்குங்கள். முடியாவிட்டால் டிகிரி படிக்கும் மூன்று வருடத்தில் அதைச் சேர்த்துவையுங்கள். டிகிரி முதலில் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான காரணம் இதுதான்.

டல்லாஸ்_தமிழன்

அமெரிக்க நிலவரம் யாருக்காவது உதவலாம். இங்கே பெரிய ஏர்லைன்கள் நாலு வருட டிகிரியை எழுதாத சட்டம் மாதிரி வைத்திருந்தார்கள். டெல்டா 2022 ஜனவரியில் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு, இருந்தால் நல்லது என்று மாற்றியது. பைலட் பற்றாக்குறைதான் காரணம்.

ஆனால் இங்கே டிகிரிக்கு வேறு ஒரு விலை உண்டு. 2009 பிப்ரவரியில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால் கோ-பைலட்டுக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமானது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானத் துறை டிகிரி முடித்தவருக்கு அதில் 500 தள்ளுபடி, 1,000 போதும். இத்தனைக்கும் அந்த விமானத்தில் இருந்த இரண்டு பைலட்டுகளுமே 1,500க்கு மேல் பறந்தவர்கள்தான். மணிக்கணக்கா, டிகிரியா, பயிற்சியின் தரமா என்று இங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

அமெரிக்கா போய் பைலட் வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைலட் வேலைக்கு டிகிரி கட்டாயம் இல்லை என்பதாலேயே எச்-1பி என்கிற வேலை விசா அதற்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. பயிற்சிக்கு வரலாம், முடித்துவிட்டு ஊருக்குப் போய் உரிமத்தை மாற்ற வேண்டும். ஜப்பான் இதற்கு நேர்மாறு. அங்கே பெரிய ஏர்லைன்கள் தங்கள் செலவில் பயிற்சி கொடுக்கும் தேர்வுக்குப் பட்டதாரிகளைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

காமர்ஸ்_கார்த்தி

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் பிளஸ் டூவில் காமர்ஸ், இப்போது பி.காம். மூன்றாம் வருடம். எனக்கு வழியே இல்லையா?

வலதுசீட்

இருக்கிறது தம்பி. என்ஐஓஎஸ் என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், கணிதம் இரண்டை மட்டும் தனியாக எழுதித் தேறலாம். எங்கள் கம்பெனியிலேயே அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். உன் பி.காம். அந்த இரண்டு பாடத்துக்கு ஈடாகாது. பட்டமே இருந்தாலும் அந்த பிளஸ் டூ பாடம் இல்லாமல் முடியாது. அப்புறம் உனக்கும் அதேதான், முதலில் மெடிக்கல்.

கேப்டன்_ஓய்வு

வலதுசீட் தம்பி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நேவிகேஷன் தாளால் சாப்பிட்டேன் என்றாயே, அது பெரிய விஷயம். பக்கத்தில் வைத்துப் படிக்கலாம் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் எத்தனை பேர் உன்னைப் போல முடிக்கிறார்கள்? சேர்ந்துவிட்டு முதல் வருடக் கட்டணத்தோடு விட்டவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். ரோஸ்டரில் அதிகாலை நாலு மணி ரிப்போர்ட்டிங் வந்த பிறகு பாடப் புத்தகத்தை யார் திறக்கிறார்கள்?

அப்துல் கலாம் டேராடூனில் விமானப் படை விமானித் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்தது எட்டுப் பேரை. ஒரே ஓர் இடத்தில் தவறியது. குரோம்பேட்டை எம்ஐடியில் படித்த படிப்பு கையில் இருந்ததால்தான் அடுத்த கதவு உடனே திறந்தது. எட்டாவதாக வருவோம் என்று எல்லோரும்தான் நம்புகிறோம்.

செந்தில், விமானப் படையையும் மகளிடம் சொல்லுங்கள். என்டிஏ என்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகப் பெண்களும் இப்போது போகலாம், இயற்பியல் கணிதத்தோடு பிளஸ் டூ போதும், பத்தொன்பதரை வயதுக்குள். அங்கே பயிற்சியோடு டிகிரியும் கொடுத்துவிடுகிறார்கள், செலவு அரசாங்கத்தோடது. பட்டதாரி என்றால் விமானப் படையின் ஏஎஃப்கேட் தேர்வு. சிவில் என்றால் ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் பைலட் பயிற்சி அகாடமியான இக்ருவாவின் நுழைவுத் தேர்வையும் விட வேண்டாம். அங்கேயும் பிளஸ் டூதான் தகுதி.

செந்தில்_ஒட்டன்சத்திரம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முருங்கை சீசன், லோடு ஏற்றவே நேரம் சரியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பதிவையும் வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்டினேன். ஏரோ தம்பி எழுதியதைப் படித்தபோது மச்சான்தான் முதலில் "மெடிக்கல் போட்டுப் பாத்துருவோம் மாப்ள" என்றார்.

கிளாஸ் 2 முடிந்துவிட்டது. அந்தப் புள்ளிப் புத்தகத்தை மகள் கடகடவென்று படித்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் தம்பி, உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன். காது, இதயம் எல்லாம் சரி. பெங்களூருக்கு நாள் கேட்டிருக்கிறோம்.

வங்கிக்காரர் ஐயா சொன்னது அப்படியே நடந்தது. கிளை மேலாளர் தோட்டப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மண்டிக் கட்டடம் அப்பா பேரில் இருக்கிறது, பெயர் மாற்றித் தர ஆறேழு மாதம் ஆகும் போல. இரண்டு வருடத் தவணையை ஒதுக்குவதற்கு இப்போது கையில் பணம் இல்லை, அதுதான் நிஜம். அதை மகளிடம் மறைக்காமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். ஒரு நோட்டை எடுத்து அவளே எழுத ஆரம்பித்தாள்.

அவள் எழுதியது இது. பழனியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்கிறாள், டவர் அண்ணன் சொன்ன மாதிரி முழுநேரமாக, கணிதம் துணைப்பாடம். செப்டம்பர் என்டிஏ தேர்வுக்கும் அடுத்த வருட இக்ருவா நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறாள். கூடவே டிஜிசிஏ தாள்களில் நேவிகேஷனையும் மெட்டையும் தொடங்குகிறாள். கட்டடப் பத்திரமும் பணமும் தயாராகிற நாளில், டிகிரி எந்த வருடத்தில் இருந்தாலும் பறக்கப் போய்விடுவாள், மிச்சத்தை அப்புறம் எழுதுவாள். கடைசி வரியில் மச்சானிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாள், டிகிரி முடியவில்லை என்று நிறுத்தக்கூடாது என்று. அவரும் போட்டுவிட்டார்.

வலதுசீட் தம்பி, உங்கள் நேவிகேஷன் வகுப்பு இன்னும் நடக்கிறதா? கட்டணம் எவ்வளவு?

வலதுசீட்

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு நடக்கிறது அண்ணா, லீவு கிடைக்கிற வாரமெல்லாம். முதல் மாதம் கட்டணம் வேண்டாம், பிடிக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரு புரோட்ராக்டர், 30 செ.மீ. ஸ்கேல், 2பி பென்சில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கால்குலேட்டரை அடுத்த அறையில் வைத்துவிட்டு வர வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு வரை கேட்பேன்.